தலையெழுத்தும் அறிமுகமும்

(மின்னணு ஆராய்ச்சித் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வாலிபர்களுக்கும் அவர்கள் பெற்றோர்களுக்கும் தொப்பூரில் செய்த சொற்பொழிவு)



மின்னணு ஆராய்ச்சித் துறையில் புதிதாகக் காலடி வைத்திருக்கும் வாலிபர்கள் முன்னுக்கு வருவது எப்படி, அதற்கு வேண்டிய மனிதர்களின் பழக்கத்தைத் தேடிக் கொள்வது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். இதைப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். அப்படி நினைப்பது நியாயந்தான். கல்லூரிப் படியை நாம் மிதித்ததில்லை. பத்தாவது வகுப்போடு படிப்பு நின்று போய், ஒரு டெலிவிஷன் ரிப்பேர்க் கடையில் ஈயம் பற்ற வைத்துக் கொண்டிருந்தோம். பிறகு புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், ஊர் ஊராய்ப் பிரசாரத்துக்குப் போயும் தெரிந்து கொண்டதே நம்முடைய படிப்பு. ஆகவே மின்னணு சாஸ்திரத்தில் உங்களுக்குப் பாடம் சொல்ல நாம் வரவில்லை. அதில் நீங்கள்தான் நமக்கு ஆசிரியர்கள். ஆனால் வழி தெரியாதவன் படுகிற கஷ்டம் என்ன என்பதும், வழியை மறைத்து வைப்பவன் அடைகிற லாபம் என்ன என்பதும் நமக்கு அனுபவத்தில் தெரியும். அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

கணவாயும் விதியும்

தொப்பூரில் நின்று கொண்டு கணவாயை மறந்து பேச முடியாது. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் சாலை இங்கே இறக்கமும் வளைவுமாக இறங்குகிறது. எத்தனை லாரிகள் கவிழ்ந்திருக்கின்றன, எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பது நம்மைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் "விதி முடிந்தது" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. "அந்த வளைவில் துஷ்ட தேவதை இருக்கிறது" என்று எலுமிச்சம்பழம் நறுக்கி வைப்பவர்களும் உண்டு. ஆனால் விஷயம் என்ன? டீசலை மிச்சப்படுத்துவதற்காக இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விட்டு விடுகிறார்கள். பாரம் வண்டியைத் தள்ளுகிறது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிறது. இதில் விதிக்கு வேலை எங்கே இருக்கிறது? சரிவையும், பாரத்தையும், பிரேக்கையும் பற்றித் தெரிந்தவன் தப்புகிறான். அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் உள்ள இரகசியம்.

உங்கள் படிப்பும் உத்தியோகமும் இதே மாதிரிதான். "அவன் தலையெழுத்து, பெங்களூரில் பெரிய விஞ்ஞானியாக இருக்கிறான்; நம் பையன் தலையெழுத்து, முதுகலைப் பட்டத்தை வாங்கி வைத்துக் கொண்டு வீட்டில் இருக்கிறான்" என்று பெற்றோர்கள் சொல்லுவதைக் கேட்கிறோம். பெங்களூருக்குப் போகிற பெருஞ்சாலை நம் வீட்டு வாசலில்தான் போகிறது. அதில் இரவெல்லாம் பஸ் போகிறது. அந்த பஸ்ஸில் ஏறுவதற்கு டிக்கெட் எங்கே வாங்குவது என்பது சிலருக்குப் பிறக்கும் போதே வீட்டில் சொல்லப்பட்டு விடுகிறது. பலருக்குக் கிழவனாகும் வரையில் சொல்லப்படுவதில்லை. இதைத்தான் தலையெழுத்து என்கிறார்கள்.

சுரண்டப்பட்ட நம்பர்

நமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறோம். நாம் வேலைக்குச் சேர்ந்த கடையில் முதலாளி கெட்டிக்காரர். எந்த டெலிவிஷன் வந்தாலும் பார்த்து விடுவார். ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புதிதாக ஒரு ஐ.சி.யைப் போர்டில் வைத்துப் பற்ற வைத்தவுடன், அதன் முதுகில் அச்சடித்திருக்கும் நம்பரைப் பிளேடால் சுரண்டி விடுவார். எதற்கு என்றால், அடுத்த கடைக்காரன் அதைப் பார்த்து, அது என்ன ஐ.சி. என்று தெரிந்து கொள்ளக் கூடாது. கடையில் வேலை செய்யும் பையனும் தெரிந்து கொள்ளக் கூடாது. தெரிந்து கொண்டால் தனியாகக் கடை வைத்து விடுவான் அல்லவா?

ஒரு நாள் ஒரு பெட்டியில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை ஒன்று கீழிருந்து மேலே ஏறிக் கொண்டே இருந்தது. நாம் இரண்டு நாள் பார்த்தும் காரணம் அகப்படவில்லை. முதலாளி, "உனக்குக் கைராசி இல்லை, சில பேருக்குப் பிறவியிலேயே வராது" என்று சொல்லி விட்டார். நாமும் வெகு நாள் நமக்குக் கைராசி இல்லை என்றே நம்பிக் கொண்டிருந்தோம். பிறகு துணிந்து, ஒரு கல்லூரி ஆசிரியருக்கு, முன்பின் தெரியாதவருக்கு, அந்தக் குறையை விவரித்து ஒரு போஸ்ட் கார்டு எழுதினோம். பத்து நாளில் பதில் வந்தது. "மின்சாரத்தை ஒரே சீராக்கும் இடத்தில் உள்ள பெரிய கப்பாசிட்டர் வற்றிப் போயிருக்கும், மாற்றிப் பார்" என்று இரண்டே வரி. மாற்றினோம், பட்டை போய் விட்டது. கைராசி என்று ஒன்று கிடையாது, கப்பாசிட்டர் என்று ஒன்றுதான் உண்டு என்பது அன்றைக்கு நமக்கு விளங்கிற்று. அதைவிட முக்கியமாக வேறொன்றும் விளங்கிற்று. நம்பரைச் சுரண்டுகிறவன் பக்கத்திலேயே இருக்கிறான். நம்பரைச் சொல்லுகிறவன் எங்கோ இருக்கிறான். அவனுக்கு ஒரு கார்டு போட வேண்டியது நம் வேலை.

தோழர்களே! இந்த நாட்டில் படிப்பின் சரித்திரமே நம்பரைச் சுரண்டிய சரித்திரந்தான். இன்ன ஜாதியார் படிக்கலாம், இன்ன ஜாதியார் காதால் கேட்கவும் கூடாது என்று வைத்திருந்தார்கள். சர்க்கார் உத்தியோகங்களில் ஓரிடம் காலியாகும் சேதி, அது காலியாவதற்கு முன்பே மாமன் மைத்துனர்களுக்குத் தெரிந்து விடும். மற்றவர்களுக்கு அந்த இடம் நிரம்பிய பிறகுதான் தெரியும். 1928-ம் வருஷத்தில் முத்தையா முதலியார் மந்திரியாக இருந்தபோது வகுப்புவாரி உத்தரவு அமுலுக்கு வந்ததும், 1951-ல் அரசியல் சட்டமே முதன் முதலாகத் திருத்தப்பட்டதும், 2021-ல் அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் 7.5 சதவிகிதம் இடம் ஒதுக்கிச் சட்டம் செய்ததும் எல்லாம் அந்தப் பூட்டை உடைப்பதற்கான காரியங்கள். அவை கதவைத் திறந்து விட்டன. ஆனால் உள்ளே எந்த அறையில் என்ன கருவி இருக்கிறது, எந்த மாநாட்டுக்கு எந்தத் தேதிக்குள் கட்டுரை அனுப்ப வேண்டும், எந்தப் பேராசிரியரிடம் இடம் காலி இருக்கிறது என்பதை எந்த உத்தரவும் சொல்லிக் கொடுக்காது. அது இன்றும் வாய் மொழியாகவே, தெரிந்தவனிடமிருந்து தெரிந்தவனுக்குப் போய்க் கொண்டிருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்குத் தெரிந்தவன் யார் இருக்கிறான்?

சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் நாங்களும் பெரிய மனிதர்களின் காலைப் பிடித்துச் சிபாரிசு தேட வேண்டியதுதானா? சுயமரியாதை பேசும் நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். அப்படி நாம் சொல்லவில்லை. சிபாரிசு என்பது, வேலையைக் காட்டாமல் ஆளைக் காட்டுவது. "இவன் என் மருமகன், இவனுக்கு இடம் கொடு" என்பது சிபாரிசு. அறிமுகம் என்பது, ஆளைப் பற்றிக் கவலைப்படாமல் வேலையைக் காட்டுவது. "நான் இந்த சர்க்கியூட்டைச் செய்து இப்படி அளந்தேன், இந்த இடத்தில் தவறு வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்பது அறிமுகம். முன்னதில் குனிய வேண்டும்; பின்னதில் நிமிர்ந்து நிற்கலாம்.

உதாரணத்துக்கு வெளிநாட்டான் ஒருவன் கதையைக் கேளுங்கள். மைக்கேல் பாரடே என்பவர் 1791-ல் இங்கிலாந்தில் ஒரு கொல்லன் மகனாய்ப் பிறந்தார். பதினாலாவது வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்து ஏழு வருஷம் இருந்தார். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானத்தைத் தெரிந்து கொண்டார். லண்டனில் வாலிபர்கள் கூடி விஞ்ஞானம் பேசும் ஒரு சிறு சங்கம் இருந்தது. ஒரு பிரசங்கத்துக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதை அவருடைய அண்ணன், அவரும் கொல்லர், கொடுத்து அனுப்பினார். அங்கே கிடைத்த சிநேகிதர்களோடு கடிதம் எழுதிப் பழகித்தான் பாரடே எழுதவும் பேசவும் கற்றுக் கொண்டார். பிறகு ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த பிரபுவுக்கு வேலை கேட்டு எழுதினார். அந்தப் பிரபு பதில் போடவே இல்லை. அதோடு தலையில் கை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்று பாரடே என்ற பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. கடைக்கு வந்து போகும் ஒருவர் டிக்கெட் கொடுத்ததால், 1812-ல் ஹம்பிரி டேவி என்ற இரசாயன நிபுணரின் நான்கு பிரசங்கங்களைக் கேட்டார். கேட்டதை எல்லாம் படங்களோடு சுமார் முந்நூறு பக்கம் எழுதி, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813-ம் வருஷம் மார்ச்சு மாதம் முதல் தேதி வேலை கிடைத்தது. 1831-ல் அவர் கண்டுபிடித்த மின்தூண்டலை வைத்துத்தான் இன்று மேட்டூரிலும் மின்சாரம் எடுக்கிறார்கள்.

டேவிக்குப் பாரடேயின் குலம் கோத்திரம் தெரியாது. முந்நூறு பக்க வேலை தெரிந்தது.

நம் தேசத்திலும் ஒருவரைச் சொல்லுகிறோம். 1924-ல் டாக்கா சர்வகலாசாலையில் சத்தியேந்திரநாத் போஸ் என்னும் முப்பது வயது ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்துப் பத்திரிகையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஜூன் மாதம் 4-ந் தேதி, முன்பின் பார்த்தறியாத ஐன்ஸ்டைனுக்குக் கட்டுரையை வைத்து ஒரு கடிதம் எழுதினார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்து அங்குள்ள பத்திரிகையில் வெளியிட்டார். அவர் எழுதிய ஒரு கார்டைக் காட்டியே போசுக்கு ஐரோப்பா போக விடுமுறையும் அனுமதியும் கிடைத்தன. இதில் காணிக்கை உண்டா? ஜாதகப் பொருத்தம் உண்டா? தபால் செலவு ஒன்றுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

இப்போது காரியத்துக்கு வருவோம். நாம் விசாரித்துத் தெரிந்து கொண்டவற்றைச் சொல்லுகிறோம். நீங்களும் விசாரித்துச் சரி பார்த்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, வயிற்றுக்கு வழி. ஆராய்ச்சி என்றால் பணக்காரன் பிள்ளைதான் செய்ய முடியும் என்று எண்ணிக் கொண்டு, பட்டம் வாங்கியவுடன் பிள்ளையை ஏதாவது ஒரு கம்பெனிக்குத் துரத்துகிறீர்கள். நெட், கேட் போன்ற பரீட்சைகளில் தேறி இளநிலை ஆராய்ச்சியாளராகச் சேருகிறவர்களுக்கு மத்திய சர்க்கார் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்றும், பிறகு முதுநிலையில் 42,000 ரூபாய் என்றும் உதவித் தொகையை உயர்த்தியது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனியாக தேசிய உதவித் தொகைகளும் ஏற்படுத்தப்பட்டன. இந்தச் சேதி தெரியாமல் எத்தனை பேர் நின்று விட்டார்கள்!

இரண்டாவது, கருவிக்கு வழி. "எங்கள் கல்லூரியில் கருவி இல்லை, நாங்கள் என்ன ஆராய்ச்சி செய்வது?" என்கிறீர்கள். 2008-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து நானோ எலக்ட்ரானிக்ஸ் உபயோகிப்போர் திட்டம் ஒன்றை ஆரம்பித்தன. வெளிக் கல்லூரிக்காரர்கள் வந்து, பயிற்சி பெற்று, அங்குள்ள விலையுயர்ந்த யந்திரங்களில் தங்கள் வேலையைச் செய்து கொள்ளுவதற்கே ஏற்பட்டது அது. பின்னால் சென்னை ஐ.ஐ.டி. முதலிய இடங்களும் அதில் சேர்ந்தன. எந்த ஊரில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்துக் கேட்டு வாங்கிக் கொள்ள ஐ-ஸ்டெம் என்ற பொது ஏற்பாடு 2020-ல் வந்தது. சிப் வடிவமைக்கும் விலையுயர்ந்த மென்பொருள்களை நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளும் கம்பெனிகளும் உபயோகிக்கும்படி, பெங்களூர் சி-டாக் ஸ்தாபனத்தின் மூலமாக ஒரு ஏற்பாடு நடக்கிறது. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா, இல்லையானால் ஏன் இல்லை என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

மூன்றாவது, கடிதம். நீங்கள் யாருடைய கட்டுரையைப் படித்து வேலை செய்கிறீர்களோ அவருக்கு எழுதுங்கள். எழுதும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. "மகா கனம் பொருந்திய தாங்கள் என்னைக் கைதூக்கி விட வேண்டும்" என்று ஸ்தோத்திரம் எழுதினால் குப்பைக்குத்தான் போகும். பத்து வரிக்குள் எழுத வேண்டும். நான் யார் என்பதற்கு ஒரு வரி. உங்களுடைய இன்ன கட்டுரையில் இன்ன படத்தைப் பார்த்தேன் என்று ஒரு வரி. நான் அதைச் செய்து பார்த்ததில் இந்த அளவு வந்தது, உங்கள் அளவோடு பொருந்தவில்லை என்று இரண்டு வரி. காரணம் இதுவாக இருக்குமோ என்று ஒரே ஒரு கேள்வி. அவ்வளவுதான். ஒரே கடிதத்தை நூறு பேருக்குப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். வாங்குகிறவருக்கு அது பார்த்தவுடன் தெரிந்து விடும். பத்துப் பேருக்கு எழுதினால் எட்டுப் பேர் பேசாமல் இருப்பார்கள். பாரடேக்கும் முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்பதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

நான்காவது, மாநாடும் சங்கமும். மின்சார, மின்னணுத் துறையில் 1963 முதல் ஐ-டிரிபிள்-ஈ என்ற உலக சங்கம் நடந்து வருகிறது. அதற்குச் சென்னையில் கிளையும், கல்லூரிகளில் மாணவர் கிளைகளும், புதிதாய்த் தொழிலுக்கு வந்தவர்களுக்குத் தனிக் குழுவும் உண்டு. 1953-ல் ஏற்பட்ட ஐ.இ.டி.இ. என்பது நம் தேசத்துச் சங்கம். மாணவர்களுக்குச் சந்தா குறைவு. மாநாடுகளில் கட்டுரை வாசிக்கும் மாணவர்களுக்கு வழிச் செலவு கொடுப்பதும் பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

மாநாட்டுக்குப் போகிறவர்களில் பலர் என்ன செய்கிறார்கள்? கூட வந்த ஹாஸ்டல் சிநேகிதர்களோடு ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டு விட்டு, மேடையோடு ஒரு போட்டோ எடுத்துக் கொண்டு, சர்டிபிகேட்டை வாங்கிக் கொண்டு வந்து விடுகிறார்கள். இதற்குத் திருவிழாவுக்குப் போய் வரலாமே! தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உங்கள் வேலையை இரண்டு நிமிஷத்தில், உங்கள் ஊர்க் கிழவிக்கும் புரிகிற பாஷையில் சொல்லிப் பழகி வைத்திருக்க வேண்டும். ஒருவர் பேசி முடித்தவுடன் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். அன்று இரவே, யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதி, ஒரு வாரத்துக்குள் அவருக்கு ஒரு கடிதம் போட வேண்டும். பெரிய மனிதர்களையே தேடி ஓட வேண்டாம். உங்களைப் போலவே கூச்சத்தோடு சுவரோரம் நிற்கும் மாணவனோடு பேசுங்கள். பத்து வருஷத்தில் அவன்தான் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவனாக இருப்பான்.

இங்கிலீஷ் பாஷை வராது என்ற பயம் வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்து தமிழிலேயே பள்ளிப் படிப்பு முடித்த மயில்சாமி அண்ணாதுரை 2008-ல் சந்திரயானைச் சந்திரனுக்கு அனுப்பும் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தார். விழுப்புரத்தில் ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன் வீரமுத்துவேல் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்துத் தொடங்கியவர். 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 இறங்கியதற்கு அவர் திட்ட இயக்குநர்.

ஐந்தாவது, திறந்த வேலை. நம்பரைச் சுரண்டும் உலகத்தில் நம்பரை ஊருக்கே அறிவிக்கிறவர்களும் உண்டு. 2010-ல் அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலையில் ரிஸ்க்-பைவ் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஒரு பிராசசருக்கு என்னென்ன கட்டளைகள் என்னும் இலக்கணத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக் கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். அதை வைத்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் கூட்டத்தார் சக்தி என்ற பிராசசரைச் செய்தார்கள். 2018-ல் அது சிப்பாக வந்து வேலை செய்தது. அதன் வடிவத்தையும் அவர்கள் பூட்டி வைக்கவில்லை. செட்டிக்கரைக் கல்லூரியிலோ கருப்பூர்க் கல்லூரியிலோ படிக்கும் ஒரு பையன் அதை எடுத்துப் பார்த்து, ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினால், அவன் ஜாதி என்ன, ஊர் என்ன என்று யார் கேட்க முடியும்? திருத்தம் சரியா தவறா என்பதுதான் கேள்வி. இதைவிடச் சிறந்த அறிமுகச் சீட்டு வேறு கிடையாது.

ஏமாறக் கூடாத இடங்கள்

இனிச் சில எச்சரிக்கைகள். கோவிலில் தட்சணை கொடுத்தால் மோட்சம் கிடைக்கும் என்று நம்பியதைப் போல, பணம் கட்டினால் கட்டுரை அச்சாகும் என்ற வியாபாரம் ஒன்று நடக்கிறது. பெயரில் "சர்வதேசம்" இருக்கும்; மூன்றே நாளில் ஏற்றுக் கொண்டோம் என்பார்கள்; ஆராய்ந்து பார்த்தவர் யார் என்று கேட்டால் பதில் வராது; பணம் எப்போது கட்டுவாய் என்று மட்டும் கேட்பார்கள். இந்த மோசத்தைத் தடுக்க யு.ஜி.சி.யார் 2019-ல் நல்ல பத்திரிகைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். 2025-ல் அதையும் விட்டு விட்டார்கள். இனி உங்கள் புத்திதான் பட்டியல். உங்கள் துறையில் நல்ல வேலை செய்கிறவர்கள் அந்தப் பத்திரிகையில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். நல்ல இடத்தில் ஒரு கட்டுரை, கெட்ட இடத்தில் இருபது கட்டுரைக்குச் சமானம் அல்ல, அதற்கும் மேல். அந்த இருபதும் பிற்காலத்தில் உங்கள் பெயருக்குக் களங்கமாகவே வந்து நிற்கும்.

அடுத்தது குரு பக்தி. கைடு என்கிறவர் உங்களுக்குத் தெய்வமல்ல. உங்களைவிட முன்னால் அந்தப் பாதையில் நடந்தவர். மரியாதை கொடுக்க வேண்டும். கேள்வியும் கேட்க வேண்டும். அவர் வீட்டு மளிகைச் சாமான் வாங்கிக் கொடுப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் ஆராய்ச்சியில் சேராது. கட்டை விரலைக் காணிக்கை கேட்ட குருவின் கதையைச் சொல்லி, சீடனின் பக்தியைப் பாராட்டச் சொல்லி நமக்குப் பழக்கி விட்டார்கள். விரலை இழந்தவனுக்கு வில் எங்கே என்று கேட்கப் பழக்கவில்லை. சேருவதற்கு முன்பே அவரிடம் படித்து முடித்த இரண்டு பேரைக் கண்டு பிடித்து, எத்தனை வருஷத்தில் முடித்தீர்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள், கட்டுரையில் உங்கள் பெயர் முதலில் வந்ததா என்று விசாரியுங்கள். மாட்டுச் சந்தையில் மாடு வாங்கப் போனால்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஐந்து வருஷ வாழ்வை ஒப்படைக்கப் போகும் இடத்தில் விசாரிக்கக் கூடாதா?

பெண்கள் விஷயம்

இங்கு வந்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் ஆலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். அங்கே ராத்திரி ஷிப்டுக்கு அனுப்ப மனம் துணிகிறது. ஆனால் அதே பெண் எம்.இ. படித்து விட்டு, சென்னைக்கு மாநாட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்க வேண்டும் என்றால், "பெண்பிள்ளை தனியாகப் போகலாமா, நாலு ஆண்களோடு பேசலாமா?" என்கிறீர்கள். மாதச் சம்பளம் வந்தால் ஒழுக்கம் கெடாது, அறிவு வளர்ந்தால்தான் கெட்டுப் போகுமோ? திருகாணி முடுக்குவது கேவலம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செல்போனுக்குள் இருக்கும் சிப்பை வடிவமைப்பவர் எங்கோ இருக்க, திருகாணி முடுக்குவது மட்டும் என்றைக்கும் நம் பெண்களின் பங்கு என்பதை ஒப்புக் கொள்ள நாம் தயாராயில்லை.

அரியலூர் வளர்மதி கோவை அரசாங்கக் கல்லூரியில் பொறியியல் படித்து 1984-ல் விண்வெளி ஸ்தாபனத்தில் சேர்ந்தார். 2012-ல் ரிசாட்-1 செயற்கைக் கோளுக்குத் திட்ட இயக்குநராக இருந்தார். 2015-ல் அப்துல் கலாம் பெயரால் தமிழ்நாட்டு அரசாங்கம் விருது ஏற்படுத்திய போது முதல் விருது அவருக்குத்தான். செங்கோட்டை நிகர் ஷாஜி திருநெல்வேலி அரசாங்கப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவர். 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1-க்குத் திட்ட இயக்குநர் அவரே. இவர்கள் வீட்டிலும் நாள் நட்சத்திரம் பார்த்து, "பெண்பிள்ளை வெளியே போகக் கூடாது" என்று கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கடைசியாக ஒரு வார்த்தை

வாலிபத் தோழர்களே! இவ்வளவும் செய்து உங்களில் ஒருவர் முன்னுக்கு வந்து விட்டால் அதோடு நம் வேலை முடிந்ததா? நம்மவர்களிலும் மேலே போனவுடன் நம்பரைச் சுரண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "நான் கஷ்டப்பட்டேன், அவனும் கஷ்டப்பட்டுக் கற்றுக் கொள்ளட்டும்" என்கிறார்கள். இது அந்தக் கடை முதலாளியின் புத்தியே ஒழிய, படித்தவனுடைய புத்தி அல்ல. நமக்கு இரண்டு வரி எழுதிய அந்த ஆசிரியரை நாம் இன்று வரையில் நேரில் பார்த்ததில்லை. அவர் பதில் போடாமல் இருந்திருந்தால், நமக்குக் கைராசி இல்லை என்றே நம்பிச் செத்திருப்போம்.

ஆகையால் நாம் கேட்டுக் கொள்வது இதுதான். இன்று இங்கிருந்து போவதற்குள், உங்களில் ஆராய்ச்சியில் சேர்ந்து விட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நோட்டில், எந்தப் பரீட்சை எழுதினீர்கள், எப்போது மனுச் செய்தீர்கள், எவ்வளவு பணம் செலவாயிற்று, எந்த இடத்தில் ஏமாந்தீர்கள் என்று தமிழில் எழுதி இந்த ஊர்ப் படிப்பகத்தில் வைத்து விட்டுப் போங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒருவர் வேலையை மற்றவருக்குச் சொல்லுங்கள். லண்டனில் கொல்லன் மகனுக்கு ஷில்லிங் பிரசங்கம் உதவியதென்றால், தொப்பூரில் ஒரு படிப்பகத் திண்ணை உதவாதா?

நாம் சொன்னதில் தவறு இருந்தால் தள்ளுங்கள். சரி என்று உங்கள் அறிவுக்குப் பட்டதை மாத்திரம் எடுத்துக் கொண்டு, நாளைக் காலையில் முதல் கடிதத்தை எழுதுங்கள்.